மூன்றாம் கால்

என் வேலை கையெழுத்துப் போடுவது. கடலுக்கடியில் போய் வந்த இயந்திரம் மாதம் ஒரு முறை நாற்பது பக்க அறிக்கை எழுதிக் கொடுக்கும். அதன் கடைசிப் பக்கத்தில், 'மனிதரால் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, கஸ்பார் மோத்தா என்று எழுத வேண்டும். சரிபார்க்க ஒன்றும் கிடையாது. இயந்திரம் பார்த்ததை நான் எங்கே போய்ப் பார்ப்பது? ஆனால் சட்டம் ஒரு மனிதக் கை வேண்டும் என்கிறது. கடலில் முங்கி வேலை செய்த முப்பத்தொரு குளியாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நூற்றுப் பத்து காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மின்சாரத்தையெல்லாம் சேர்த்துக் கரைக்கு அனுப்ப நடுவில் ஓர் இரும்பு மேடை. அதற்கு நான்கு கால்கள். ஆழம் இருபத்திரண்டு மீட்டர். மேடையில் பதினொரு பேர் தங்கி வேலை பார்க்கிறார்கள். அந்தக் கால்களில் துரு, விரிசல், தேய்மானம் பார்க்கத்தான் முன்பு நாங்கள் முங்கினோம். மூன்று வருடமாக அதை இயந்திரம் பார்க்கிறது. கம்பெனி அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது, வாயில் நுழையாது. ஒல்லியாக, நீளமாக இருந்ததால் நாங்கள் ஊளி என்று மீன் பெயரை வைத்தோம். அதை யாரும் ஓட்டுவதில்லை. எங்கே போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஆதிரை என் மேசைக்கு வந்தாள். ஈரோட்டுப் பெண், ஊளியின் தகவல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழகியவர்கள் பார்க்காததைப் புதியவர்கள் பார்த்துத் தொலைத்துவிடுவார்கள்.

"கஸ்பார் சார், ஒரு நிமிஷம் இந்தக் கோட்டைப் பாருங்க" என்று திரையைக் காட்டினாள். ஊளி நீந்திய பாதை. ஒன்று, இரண்டு, நான்காம் கால்களைச் சுற்றிச் சுற்றி அடிச் சேறு வரைக்கும் போயிருந்தது. மூன்றாம் காலில் பதினான்கு மீட்டர் வரை இறங்கி, பிறகு விலகி, தூரமாக ஒரு வட்டமடித்துப் போய்விட்டது.

"கேமரா கோளாறா இருக்கும்" என்றேன்.

"மூணு வருஷமாவா சார்? முப்பத்தாறு தடவை இறங்கியிருக்கு. ஒரு தடவைகூட மூணாம் கால் அடிப்பக்கம் போகலை. ஆனா அறிக்கையில மட்டும் 'கனம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர், நல்ல நிலை'ன்னு எழுதுது."

"பாக்காமலே எழுதுமாக்கும்?"

"எழுதலாம். அந்த அனுமதி அதுக்கு இருக்கு. பேட்டரியை மிச்சம் பண்ணணுமில்ல? ஒரு இடம் மாறவே மாறாதுன்னு உறுதியாத் தெரிஞ்சா, போகாம பழைய அளவையே போட்டுக்கலாம்."

"அந்த உறுதி அதுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க கிட்டேருந்துதான் சார். ஊளி வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் உங்க ஆளுங்க எழுதின அறிக்கையை வெச்சுத்தான் அதைப் பழக்கியிருக்காங்க. மத்த மூணு கால்லயும் கனம் வருஷா வருஷம் கொஞ்சம் குறையுது. மூணாம் கால் அடியில மட்டும் பன்னெண்டு அறிக்கையிலயும் முப்பத்தெட்டு. ஒரு புள்ளி மாறலை. உப்புத் தண்ணியில நிக்கிற இரும்பு ஆறு வருஷம் அப்படியே இருக்குமா?"

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இன்னொண்ணும் கத்துக்கிட்டிருக்கு. ஒரு இடத்துல மனுஷங்க திடீர்னு இறங்கறதை நிறுத்திட்டு, அதுக்கப்புறம் 'நல்ல நிலை'ன்னு மட்டும் எழுதிக்கிட்டே இருந்தா, அந்த இடத்துக்குப் போகக் கூடாதுன்னு கத்துக்கிட்டிருக்கு. ஏன்னு அதுக்குத் தெரியாது. வழக்கம் மட்டும்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். 'எனக்கெப்படித் தெரியும்' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். டீ ஆறும் வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருக்கும் பதினொரு பேரில் ஒருத்தி என் தங்கை ஜெசிந்தா. அங்கே அவள்தான் சமையல்.

எங்கள் குளியாட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவனின் கயிற்றை மேலே அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஹெல்மெட்டில் பேசும் கருவி வந்த பிறகும் எங்கள் ஆட்கள் கயிற்றைத்தான் நம்பினார்கள். ஒரு தடவை இழுத்தால் 'இரு', மூன்று தடவை இழுத்தால் 'தூக்கு'. விரிசலைக் கண்டால் பக்கத்தில் குத்துளியால் மூன்று புள்ளி குத்திவிட்டுத்தான் ஏறுவோம். அடுத்து வருகிறவன் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. குளியாள் செத்த இடத்தில் ஒரு வருடம் யாரும் முங்க மாட்டார்கள். கோயிலில் அவன் நினைவுக்கான வருடத் திருப்பலி முடிந்ததும், அவனுக்குக் கயிறு பிடித்தவன் முதலில் அங்கே இறங்கி ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அந்த இடம். கயிறு பிடித்தவன் இறங்காவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள், தலைகீழாக நின்றாலும்.

ஒன்பது வருடத்துக்கு முன் மூன்றாம் காலடியில் செத்தவன் ரெமிஜியூஸ், ஜெசிந்தாவின் புருஷன். கயிறு பிடித்தது நான். வருடம் முடிந்தது, நான் இறங்கவில்லை. காய்ச்சல் என்றேன். பிறகு முதுகுவலி, பிறகு காது. கடைசியில் யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். எனக்காக எல்லோரும் சேர்ந்து பழைய அளவையே எழுதினார்கள். முப்பத்தெட்டு. மரியாதைக்காகச் சொன்ன பொய், ஆறு வருடம் நின்றது. ஊளி வந்தபோது மற்ற குளியாட்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. இயந்திரத்துக்கு மச்சான் கிடையாது, அது போய்ப் பார்த்துவிடும் என்று நினைத்தேன். எங்களிடம் வேலை படித்தது எங்களைப் போலத்தானே இருக்கும்? அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு வரவில்லை.

டீக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஆதிரையிடம் சொன்னேன், எல்லாவற்றையும் அல்ல. அந்த இடத்துக்கு ஒன்பது வருடமாக யாரும் போகவில்லை, அளவெல்லாம் பொய் என்பதை மட்டும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "அப்ப ஊளி தப்பே பண்ணலை. நீங்க சொல்லிக் குடுத்ததைச் சரியாச் செஞ்சிருக்கு" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இரண்டு பேருமாக மேலாளர் ரகோத்தமன் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். நல்ல பொறுமைசாலி.

"இயந்திரம் தொண்ணூத்தொன்பது சதவீதம் உறுதின்னு எழுதியிருக்கு. உங்க மனசுல உறுத்துதுங்கறதுக்காக நூத்திப் பத்துக் காத்தாலையை நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஊளிய அந்த இடத்துக்கு அனுப்பிப் பாத்தாப் போதும் சார்."

ஆதிரை குறுக்கிட்டாள். "நேத்தே அனுப்பிப் பாத்தேன் சார். 'தேவையில்லை'ன்னு பதில் வருது. நிரலை மாத்தினாத்தான் போகும். அதுக்குத் தலைமையகத்தோட அனுமதி வேணும்."

"கேட்டு வாங்கலாம். ஜனவரியில வரும்" என்றார் ரகோத்தமன்.

"நவம்பர்ல புயல் வரும் சார். பதினோரு பேரு இருக்காங்க மேடையில" என்றேன்.

அவர் அலமாரியிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "இது யாரோட கையெழுத்து? இந்த மாதிரி முப்பத்தாறு இருக்கு. கால் நல்லா இருக்குன்னு இயந்திரம் மட்டும் சொல்லலை, கஸ்பார். நீங்களும்தான் சொல்லியிருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேக்கறதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்?"

மூன்று வருடமாக எனக்கு என்ன வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையெழுத்துக்காரன் மேடையைப் பார்வையிடலாம் என்று விதி இருக்கிறது. நான் ஒரு தடவையும் போனதில்லை. மறுநாள் காலை ஆட்களை ஏற்றிப் போகும் படகில் நானும் ஆதிரையும் ஏறினோம். மேடையில் அவசரத்துக்கென்று காற்றுச் சிலிண்டர்களும் முங்கும் உடுப்பும் எப்போதும் இருக்கும். எனக்கு வயது ஐம்பத்தேழு.

ஜெசிந்தா சமையலறையில் சூரைமீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணே! என்ன அதிசயம், கடல்ல மழ கொட்டப் போவுது!"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கரைக்கு வாரப்ப சொல்லக் கூடாதா? இதுக்கா படகேறி வந்த?"

"மாப்ள நெஞ்சு வலியில சாவல, ஜெசிந்தா."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். நான் சொல்லி முடித்தேன், இந்த முறை எல்லாவற்றையும். அன்றைக்குப் பேசும் கருவி பழுதாகியிருந்தது. மேலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசரின் புகை காற்றுக் குழாய்க்குள் போயிருக்கிறது. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அவனுக்குக் கீழே தலை சுற்றியிருக்க வேண்டும். மூன்று தடவை கயிற்றை இழுத்தான். நான் தூக்கப் போனேன். சூப்பர்வைசர் கையைக் காட்டி நிறுத்தி, இன்னும் ஒரே ஓர் அளவு பாக்கியிருக்கிறது, எடுத்துவிட்டு வரச் சொல் என்றான். நான் ஒரு தடவை இழுத்தேன்.

"இருன்னு சொன்ன" என்றாள்.

"ஆமா."

"எம்புட்டு நேரம்?"

"ஏழு நிமிசம். அப்புறமும் அசைவில்லன்னுதான் தூக்குனேன்."

அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கி வழிந்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"வருசத் திருப்பலி அன்னைக்கு மாலையும் மெழுகுதிரியும் வெச்சிக்கிட்டுப் படகுல உக்காந்திருந்தேன். உனக்குக் காய்ச்சல்னு ஆளு வந்து சொன்னான். எங்கண்ணனுக்கு அம்புட்டுத் துக்கம்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். ஒனக்கு வந்தது துக்கமில்ல, பயம்."

"பயந்தான்."

"அந்தக் காலு மேல நின்னுதான எட்டு வருசமாச் சோறு பொங்குதேன்?"

உடுப்பைப் போட்டுக்கொண்டு, கீழ்த்தட்டின் ஏணிப் பக்கம் போனேன். மேடை ஆட்களில் ஒருவரைக் கயிறு பிடிக்கச் சொல்லி ஆதிரை அழைத்து வந்தாள். ஜெசிந்தா பின்னாலேயே வந்து அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"பொம்பளைங்க கயிறு பிடிக்க மாட்டாங்க, ஜெசிந்தா."

"பிடிச்ச ஆம்பள கிழிச்சதத்தான் இப்பக் கேட்டேனே." கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். "பிடிக்கேன்னுதான் சொல்லுதேன். தூக்குவேன்னு சொல்லல. எறங்கு."

இறங்கினேன். பதினான்கு மீட்டரில், ஊளி திரும்பும் அதே இடத்தில், என் கையும் தானாக நின்றது. சிரிப்பு வந்தது. என்னை அச்செடுத்துதான் அந்த மீனைச் செய்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மேடைக் காலைத் தடவியபடி கீழே போனேன்.

அடியில் சிப்பியும் பாசியும் ஒரு முழக் கனத்துக்கு ஒட்டியிருந்தன. துருப்பிடிக்காமலிருக்கக் கட்டியிருந்த துத்தநாகக் கட்டிகள் கரைந்துபோய் வெறும் கம்பிதான் மிச்சம். சுரண்டியால் சுரண்டினேன். குறுக்குக் குழாய் சேரும் பற்றவைப்புக்குக் கீழே விரல் வழுக்கி உள்ளே போனது. ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை போயிற்று. கனம் பார்க்கும் கருவியை வைத்தேன். பதினொன்று. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொன்று, ஒன்பது, பதினொன்று.

குறித்து வைக்கக் குத்துளியை எடுத்துக்கொண்டு, விரிசலுக்குப் பக்கத்தில் சிப்பியை நீக்கினேன். அங்கே ஏற்கெனவே குத்தியிருந்தது.

மூன்று புள்ளிகள். முதல் இரண்டும் ஆழமாக, நேராக இருந்தன. மூன்றாவது ஆழமில்லை. கோணலாகச் சறுக்கி, இரும்பில் ஒரு கீறலாக இழுபட்டுப் போயிருந்தது. அந்தக் கையில் அதற்கு மேல் பலமில்லை.

நான் 'இரு' என்று சொன்னேன். அவன் இருந்தான். அந்த ஒரே ஓர் அளவையும் எடுத்து, விரிசலைக் கண்டுபிடித்து, குறித்தும் வைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறான். ஒரே ஒரு தடவை யாராவது இறங்கியிருந்தால் போதும். ஒன்பது வருடமாக அவனுடைய அறிக்கை இங்கே கிடந்தது. நான் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். முகமூடிக்குள் அழுதேன். முகமூடிக்குள் அழுதால் துடைத்துக்கொள்ளவும் முடியாது.

கயிற்றை மூன்று தடவை இழுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து பதில் வந்தது. ஒரு தடவை.

நானே ஏறி வந்திருக்கலாம். சிலிண்டர் என் முதுகில்தான் இருந்தது, கால்களில் துடுப்பு இருந்தது, யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. ஏறவில்லை. அந்த மூன்றாவது கீறலின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். காற்றுமானியின் முள் சிவப்புக்கு வந்தது. ஏழு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மேலே நின்று கயிறு பிடிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

கயிறு இறுகியது. தூக்கினாள்.

ஏணியில் கிடந்து நான் இருமி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஏழு ஆச்சு" என்று மட்டும் சொன்னாள். மூன்று புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது எப்படி இருந்தது என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அவள் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆதிரை புதிய அளவைப் பதிந்தாள். பதினொன்று. யாரும் எதுவும் சொல்லாமலே அன்று சாயங்காலம் ஊளி புறப்பட்டு நேராக மூன்றாம் காலடிக்குப் போயிற்று. திரையில் அந்தக் கோடு பதினான்கு மீட்டரைத் தாண்டி இறங்குவதை நானும் பார்த்தேன். மனிதன் எழுதிய அளவு மாறிவிட்டது, அதனால் போகிறது என்று அவள் விளக்கம் சொன்னாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கயிறு பிடித்தவன் இறங்கி ஏறிவிட்டான், அதனால் போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஊளி நாற்பது படம் எடுத்து, 'உடனடி ஆபத்து' என்று எழுதியது. என் பேச்சுக்கு அசையாத ரகோத்தமன் அந்த இரண்டு வார்த்தைக்கு அசைந்தார். மறுநாள் மதியத்துக்குள் பதினொரு பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள்.

நவம்பர் புயலில் மூன்றாம் கால் முறிந்தது. ஆளில்லாத மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'பதினொரு உயிரைக் காத்த தானியங்கி' என்று தலைப்பு. அதே பத்திரிகையில் உள்பக்கத்தில் என் படமும் வந்தது. பொய் அளவு எழுதி ஆபத்தை மறைத்ததாக என் மேல் வழக்கு. முப்பத்தாறு கையெழுத்தும் சாட்சி. மனிதர்கள் எழுதியதை நம்பியதுதான் இயந்திரம் செய்த ஒரே தவறு என்று கம்பெனி அறிக்கை விட்டது. அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் கசப்பு. சட்டத்தையும் மாற்றப் போகிறார்களாம். இனி மனிதக் கை தேவையில்லை.

ஜெசிந்தா என்னுடன் பேசுவதில்லை. இந்த வருடத் திருப்பலிக்கு நான் கோயிலின் கடைசி வரிசையில் நின்றேன். அவள் மாலையோடு படகேறியபோது கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது?

போன வாரம் ஆதிரை ஃபோன் செய்தாள். வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாளாம்.

"கஸ்பார் சார், ஊளியோட மூளையை அப்படியே பதினாலு கடலுக்கு வித்திருக்காங்க. எண்ணெய்க் கிணறு, பாலம், கடலடிக் குழாய் எல்லாத்துக்கும். கிடைச்ச பாதைங்களை எல்லாம் வாங்கிப் பாத்தேன். ஒவ்வொரு கடல்லயும் ரெண்டு மூணு இடத்தைத் தொடாம சுத்திக்கிட்டுப் போகுது. அங்கேயும் பழைய அறிக்கையில அளவு மாறாமலே இருக்கு."

"கம்பெனிக்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். உறுதி தொண்ணூத்தொன்பதுன்னு பதில் வந்துச்சு. அங்கங்கே முன்னாடி முங்கினவங்களைத் தேடிப் பிடிச்சுக் கேட்டேன் சார். இந்த இடத்துல என்ன நடந்துச்சு, ஏன் இறங்கறதில்லைன்னு. எல்லாரும் ஒரே மாதிரி, காலு நல்லாத்தான் இருக்குங்கறாங்க."

"இடத்தப் பத்திக் கேக்காதம்மா. அன்னைக்கு அங்க கயிறு பிடிச்சது யாருன்னு கேளு."

"அதையும் கேட்டேன் சார். அப்பத்தான் ஃபோனை வெச்சிடறாங்க."

வைக்கத்தான் செய்வார்கள். நானும் ஒன்பது வருடம் அப்படி வைத்தவன்தான்.